தவமணிக் காடு

எங்கள் மடத்து ஊற்று நின்றுபோன காலையில் நான் வாய்விட்டுத் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அண்டாவை ஊற்றின் வாயில் வைத்துவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைத்துத் திரும்பி வந்தால், அண்டாவுக்குள் ஒரு காய்ந்த இலை கிடக்கிறது. சமையல்காரனுக்கு வயிறெரிய வேறென்ன வேண்டும்?

மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மலை உச்சியில் தகரம் வேய்ந்த நாலு அறை, ஒரு கூடம், ஒரு அடுக்களை. பொறுப்பில் இருப்பவர் மேட்டம்மா. அவருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். சீடர் என்று ஒருவர்தான், சடையாண்டி அண்ணன். அவருக்கு எழுபது நெருங்குகிறது. அவர் ‘அம்மா’ என்பார், அந்தம்மா ‘அண்ணே’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாருக்குக் குரு என்றே பிடிபடாது. நான் ஒச்சப்பன், இரண்டு பேருக்கும் சோறாக்கிப் போடுகிறவன்.

மடத்துக்குப் பின்னால் ஒரு ஈரப்பள்ளம். முன்பெல்லாம் அதில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். அதன் அடியிலிருந்துதான் ஊற்று கசிந்து வந்து, ஓடையாகி, கீழூர் வரை போகும். அந்த ஊற்றுக்குப் பெயர் கிடையாது. நாங்கள் ‘ஊத்து’ என்போம். கீழூர்க்காரர்கள் அதுகூடச் சொல்ல மாட்டார்கள், வெறும் ‘தண்ணி’ என்பார்கள். பெயர் உள்ளது பள்ளத்தைச் சுற்றி நிற்கும் சீகை மரக் காட்டுக்குத்தான். அது தவமணிக் காடு.

தவமணி சடையாண்டி அண்ணனின் மகள். ஒரே பிள்ளை. கீழே சமவெளியில், ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று புளியமரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்திருந்த ஒரு சித்திரையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வண்டி கிடைக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் ஆஸ்பத்திரிக்கு நடந்தாராம்.

“செத்த நேரம் எறக்கிவைக்க ஒரு நெழல் இல்ல ஒச்சப்பா. ஒத்த மரம் நின்னிருந்தா எம்புள்ள பொழச்சிருப்பா.”

இதை அவர் எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நிழலோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

மகளை அடக்கம் செய்துவிட்டுக் கால் போன போக்கில் மலையேறி வந்தவரை அப்போது மடத்தில் இருந்த பெரிய சாமி சேர்த்துக்கொண்டார். அந்த நாளில் மலை மேலே கண்ணுக்கெட்டிய வரை புல்தான். மடிப்பு மடிப்பாகப் புல், மடிப்புக்குள் அங்கங்கே சிறு சோலை. பெரிய சாமி ஒரு துணி முடிச்சு நிறையச் சீகை விதையைக் கொடுத்து, “இதுதான் உன் ஜபம்” என்று சொல்லிவிட்டார். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் கடல் தாண்டிக் கொண்டுவந்த மரம் அது. நட்டால் மளமளவென்று வளரும், மஞ்சளாகப் பூக்கும்.

ஆரம்பத்தில் ஒன்றும் வளரவில்லை என்பதுதான் வேடிக்கை. மார்கழியில் புல் மேல் உறைபனி விழும். காலையில் எழுந்து பார்த்தால் மலையே உப்பு கொட்டின மாதிரி வெளுத்துக் கிடக்கும். அன்றைக்கே எல்லாக் கன்றும் கருகிவிடும். அண்ணன் அழுதுகொண்டே மறுபடி நடுவார். பிறகு பனி மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு மார்கழி வந்தது, புல் வெளுக்கவே இல்லை. கன்றெல்லாம் தப்பித்துவிட்டது.

“தவமணிதான் பனியத் தடுத்துட்டா” என்று மலையே கேட்கும்படி கூவினார். அவர் முகத்தை அன்றுபோல் நான் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் காடு அவரைக் கேட்காமலே நடக்க ஆரம்பித்தது. அவர் காலே படாத எதிர் மலையில்கூட மஞ்சள் பூ தெரிந்தது. “பாரு, எம்மக எங்க வரைக்கும் போயிட்டா!” என்பார். எனக்கும் புல்லரிக்கும். பொய் சொல்லவில்லை.

ஊற்று மட்டும் வருஷத்துக்கு வருஷம் மெலிந்தது. மழையும் முன்போல் நின்று நிதானமாகத் தூறுவதில்லை. ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடிப்போகிறது. கீழூரில் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு டேங்கர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டது. தண்ணீர் குறையக் குறைய அண்ணன் இன்னும் வேகமாக நட்டார். மரம் நட்டால் தண்ணீர் வரும் என்பது ஊர் உலகமே சொல்கிற பேச்சுதானே?

ஊற்று நின்ற செய்தியை நான் போய்ச் சொன்னபோது, அண்ணன் விதை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மேட்டம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். அந்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“மரம் இன்னும் பத்தல போலம்மா” என்றார் அண்ணன். “பள்ளத்துக்கு மேக்கால புல்லு சும்மாதான கெடக்கு. அங்கயும் நட்டுறவா?”

“புல்லு சும்மாவா கெடக்கு?”

“பின்ன? வெறும் புல்லும்மா.”

மேட்டம்மா முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். “மம்பட்டிய எடுத்துக்கங்கண்ணே. ஒச்சப்பா, நீயும் வா.”

அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டு வந்தார். நடச் சொல்லிவிட்டார்கள் என்ற நினைப்பு. ஆனால் அந்தம்மா மேற்கே போகவில்லை. காய்ந்துபோன ஈரப்பள்ளத்தின் நடுவில் போய் நின்று, காலால் ஒரு கட்டம் இழுத்தார்.

“இங்க தோண்டுங்க.”

“இங்கயா? பள்ளத்துக்குள்ள மரம் நிக்காதேம்மா.”

“மரத்துக்கு இல்லண்ணே. குழி பாக்க.”

எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பேற்கிறவர் அன்றைக்கு இந்தப் பள்ளத்தில் ஒரு குழி தோண்டி, அடி வரைக்கும் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, எடுத்த மண்ணை எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்து மூட வேண்டும். ஆயுளுக்கு ஒரே முறை. பெரிய சாமி பார்த்தார், அவருக்குப் பிறகு மேட்டம்மா பார்த்தார். வேறு யாரும் பார்த்ததில்லை.

“நான் பாக்கலாமாம்மா?” அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“நீங்கதான் பாக்கணும்.”

அண்ணன் வெட்ட, நான் அள்ள, மேட்டம்மா ஒவ்வொரு கட்டியையும் வாங்கிப் புல் மேல் வரிசையாக அடுக்கினார். மேலே பழுப்பாகச் சீகை இலைச் சருகு. அதன் கீழே கன்னங்கரேல் என்று ஒரு மண். மண் என்று சொல்லவே வாய் வரவில்லை. பிட்டுப் பார்த்தால் புல்லும் கோரையும் நாராக நாராகத் தெரிந்தன, மட்கியும் மட்காமலும். இடுப்பளவு போன பிறகும் அதே கறுப்பு. அதே புல்.

“இம்புட்டு ஆழத்துக்குமா புல்லு இருந்திருக்கு?” அண்ணன் நிமிர்ந்தார்.

“படிச்சவங்க ரெண்டு பேரு முன்ன ஒருக்கா வந்து குழாய் எறக்கி மண்ணெடுத்துட்டுப் போனாங்க. ஒரு விரக்கடை மண்ணு சேர நூறு நூறா வருஷம் ஆகும்னு சொன்னாங்க.”

அண்ணன் தன் இடுப்பைப் பார்த்தார். குழியின் சுவரில் விரலை வைத்தார். எடுத்துவிட்டார். வெந்நீரில் கைபட்டதுபோல் எடுத்தார். அவர் கால் ஊன்றியிருந்த ஆழத்து மண் சேர்ந்த காலத்தில் கோயில் ஏது, ஊர் ஏது, தமிழ் பேசின வாய்தான் ஏது? குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“தோண்டுங்கண்ணே.”

நெஞ்சளவு போனபோது மம்பட்டி எதிலோ ‘ணக்’கென்று பட்டது. கல் என்று நினைத்தோம். அண்ணன் குனிந்து கையால் வழித்துப் பார்த்தார். மரம்! தொடை பருமனில் ஒரு அடிமரம், பட்டையோடு. பக்கத்தில் இலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு. ஒரு இலையை அவர் நகத்தால் பிரித்தபோது நரம்பு நரம்பாகத் தெரிந்தது. கண் மூடித் திறப்பதற்குள் காற்றுப் பட்டுக் கறுத்துவிட்டது.

இந்த மலையில் மனுஷன் காலே படுமுன்னே விழுந்த இலை ஒன்று, எங்கள் கண் முன்னால் ஒரு நொடி பழுப்பாக இருந்துவிட்டுப் போனது. எனக்குக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

அண்ணன்தான் முதலில் சத்தம் போட்டார்.

“அம்மா! காடு! இங்க காடு இருந்திருக்கு! நான் நட்டது சரிதாம்மா! எடையில எவனோ அழிச்சிருக்கான், நான் திருப்பிக் குடுத்திருக்கேன்!” குழிக்குள்ளேயே ஆடிவிட்டார் மனுஷர்.

“பெரிய சாமியும் இதே மரத்தத்தான் பாத்தாரு” என்றார் மேட்டம்மா. “பாத்துட்டு மேல வந்துதான் விதைய வாங்கி வச்சாரு. அடுத்த மாசம் நீங்க வந்தீங்க.”

“பின்ன என்னம்மா!”

“ஒன்னு பண்ணுங்க. அந்தக் காடு எங்க முடிஞ்சு, புல்லு எங்க ஆரம்பிக்குதுன்னு வெரல் வச்சுக் காட்டுங்க.”

இதென்ன பெரிய காரியம் என்பதுபோல் அண்ணன் திரும்பினார். அடிமரத்துக்கு மேலே விரலை வைத்தார். அங்கே இலை இருந்தது. கொஞ்சம் உயர்த்தினார். இலையும் இருந்தது, புல்லும் இருந்தது. இன்னும் உயர்த்தினார். புல் கூடியிருந்தது, ஆனால் ஒரு சுள்ளி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் போனார். அங்கும் ஒற்றை இலை. மறுபடி கீழே வந்தார். வேர்வை வழிந்தது. சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு தேடினார்.

“முடியலம்மா. எங்கன்னு சொல்ல முடியல. இங்கன்னு சொல்றதுக்குள்ள அங்க இருக்கு.”

“யாரும் அழிக்கலண்ணே. குளிரு கூடிச்சு, மழை மாறிச்சு. காடு ஒதுங்கிச்சு, புல்லு வந்துச்சு. அம்புட்டும் ஒரு சாண் மண்ணுக்குள்ள. ஒரு சாணுன்னா எத்தன காலம்?”

அண்ணன் உதடு அசைந்தது. கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். பாதியில் விட்டுவிட்டார்.

“குருவி வழி தேடிப் போக, வண்டு கூடு மாத்த, ஓடை தன் தடத்தத் திருப்பிக்க, எல்லாத்துக்கும் அதுல நேரமிருந்துச்சு” என்றார் மேட்டம்மா. “இப்ப, புல்லு முடிஞ்சு உங்க காடு எங்க ஆரம்பிக்குது? அதையும் வெரல் வச்சுக் காட்டுங்க.”

அண்ணன் நிமிர்ந்து குழியின் விளிம்பைப் பார்த்தார். தேட வேண்டியிருக்கவில்லை. விரல் தானாகப் போய் நின்றது. கறுப்பு முடிந்த இடத்தில் பழுப்பு. நடுவில் கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு. கீழே இருந்தது மேலே இல்லை, மேலே இருந்தது கீழே இல்லை. அந்தப் பழுப்பு மொத்தமும் அவர் நகத்தின் அகலம்தான் இருந்தது.

விரலை எடுக்க மாட்டாமல் அங்கேயே வைத்திருந்தார்.

“பெரிய சாமி பாத்தப்ப இந்தக் கோடு கெடையாது. நான் பாத்தப்ப லேசா விழுந்திருந்துச்சு” என்றார் மேட்டம்மா.

கோட்டுக்குக் கீழே, குழியின் நாலு சுவரிலும் சிவப்புச் சிவப்பாக வேர்கள் துளைத்துக்கொண்டு நின்றன. தோண்டும்போது நாங்கள்தான் கவனிக்கவில்லை. அண்ணன் ஒன்றைப் பிடித்து இழுத்தார். பள்ளத்துத் தரை ஒரு வரியாக விரிசல் விட்டுக்கொண்டே போய், காட்டோரத்தில் அவர் முதன்முதலில் நட்ட மரத்தடியில் நின்றது.

அந்த மரத்துக்கு அவர் தினமும் விளக்கு வைப்பார்.

மேட்டம்மா மேல் அடுக்குச் சருகில் ஒரு கை அள்ளிக் கொடுத்தார். “பிழிஞ்சு பாருங்க.” அண்ணன் பிழிந்தார். தூளாகி விரலிடுக்கில் கொட்டியது.

தூளைத் தட்டிவிட்டு அண்ணன் கேட்டார். “அப்ப பனி நின்னது? அதுவும் என் தவமணி இல்லையா?”

“எல்லா மலையிலயும் நின்னிருக்குண்ணே. ஒலகமே சூடேறிக் கெடக்கு. கீழ நாம எரிக்கிறதெல்லாம் வேற எங்க போகும்? பனிதான் புல்லுக்குக் காவலா இருந்துச்சு. அது போகவும் உங்க மரம் எதிர்மலைக்குத் தானா ஏறிடுச்சு.”

அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் பார்த்தவரை அதுதான் முதல் தடவை. “இத்தன வருஷமா என்னைய நடவிட்டு வேடிக்க பாத்தீங்களேம்மா! முன்னாடியே சொல்லப்படாதா?”

“சொன்னா கேட்டிருப்பீங்களா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“மாட்டேன்” என்றார் அவரே.

“எனக்கும் தெகிரியம் இல்லண்ணே. தெனம் வெளக்கேத்துற கையப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது? இன்னைக்குக் கீழூரே காஞ்சு போச்சு. இனிமே வாய மூடிட்டிருந்தா நான் இந்த எடத்துல இருக்கக் கூடாது.”

காற்று வந்தது. காடு முழுக்க மஞ்சள் பூ உதிர்ந்தது. குழிக்குள்ளும் கொஞ்சம் விழுந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை என்ன சொல்ல.

“அப்ப, வெட்டிரணுமாம்மா?”

மேட்டம்மா சேலையில் விழுந்த பூவை எடுத்துக் குழி ஓரம் வைத்தார்.

“பள்ளத்தச் சுத்தி இருக்கிறத வெட்டுனா ஊத்து வந்துருமா?”

“உடனே வராது. புல்லு திரும்பணும், பள்ளம் ஊறணும். வராமயும் போகலாம். முன்ன இருந்த பனியும் மழையும் இப்ப இல்லையே. ஆனா இந்த வேரு தண்ணிய உறிஞ்சிக்கிட்டிருக்கிற வரைக்கும் நிச்சயமா வராது.”

அண்ணன் குழிச் சுவரில் சாய்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கறுப்பு மண் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது.

“அதையும் வெட்டிட்டா எம்புள்ளைக்குன்னு இந்த ஒலகத்துல என்னம்மா இருக்கு?”

எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அடுப்பு அணைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் உட்கார்ந்தே இருந்தேன்.

மேட்டம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். இரண்டு பேர் நிற்க இடமில்லாத குழி. அண்ணனின் கையை முகத்திலிருந்து மெல்ல விலக்கினார்.

“அண்ணே, அன்னைக்கு ரோட்டுல நெழலு தேடுனது நீங்க. தோள்ல கெடந்த புள்ள என்ன கேட்டுச்சு?”

எத்தனையோ தடவை என்னிடம் நிழலோடு நிறுத்திய கதை இப்போது அவர் தொண்டையில் வந்து நின்றுகொண்டிருந்தது.

“தண்ணி” என்றார். “வழி நெடுகத் தண்ணி தண்ணின்னுதாம்மா கேட்டா. கெடைக்கவே இல்ல.”

மேட்டம்மா குனிந்தார். அடிமரத்துக்கும் கீழே கையை விட்டு, யார் காலத்துப் புல்லோ, ஒரு பிடி கறுப்பு மண்ணைத் தோண்டி எடுத்தார். அண்ணனின் உள்ளங்கையை விரித்து, அதன் மேல் வைத்துப் பிழிந்தார். முதலில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு நூல் மாதிரி இறங்கியது. உள்ளங்கை நிறைந்து, விரலிடுக்கில் வழிந்து, அவர் காலடியில் சொட்டியது. ஊற்று நின்றுபோன மலையில், அவ்வளவு தெளிந்த தண்ணீர்.

அண்ணன் கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இந்த ஊத்துக்கு இன்னும் யாரும் பேரு வைக்கலண்ணே” என்றார் மேட்டம்மா.